ஹெல்மெட் கட்டிய ஒற்றைக் கோப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் தேடினாலும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கணினி முன் உட்காரும் மனிதன் அவன் ஒருவன்தான். கரடியனாற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். கல்லடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகும் கழற்றமாட்டான். "வழியில யோசிச்சதெல்லாம் காத்துல போயிரும் அண்ணன்" என்பான். பெயரே ஹெல்மெட் ஆகிவிட்டது. திரையில் பிழைச்செய்தி வந்தால், முகக் கண்ணாடியை மேலே தூக்கி, "ஓம், சொல்லுங்க, கேக்கிறன்" என்று அதற்கு மரியாதை செய்வான்.

அவன்மேல் எனக்குப் பொறாமை. அவன் குடிக்கும் பிளேன்டீகூட என்னுடையதைவிட நல்ல நிறமாகத் தெரியும்.

பஸ் ஆசனப் பதிவுத் தளம் ஆறு வருடமாக என் பிள்ளை. பக்கங்களைச் சேர்வர் கணினியே தயாரித்து அனுப்பும். அவற்றில், பொத்தான்களை இயக்கும் நாற்பது சொச்சம் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை என் கையாலேயே செருகியிருந்தேன். வரிசை மாறினால் தளமே படுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும் புதுக் கருவியைப் பொருத்த மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். கிடைத்தது வெள்ளைப் பக்கம்.

ஹெல்மெட் ஒரே காலையில் முடித்துவிட்டான்.

"என்னெண்டுடா செஞ்ச?"

"எந்தக் கோப்புக்கு எது வேணுமெண்டு அதுகளையே சொல்ல வச்சன் அண்ணன். மறுகா கருவி தானா அடுக்கிற்று."

முதலாளி அவன் ஹெல்மெட்டில் தட்டிப் பாராட்டினார். ஆறு வருடத்தில் என் முதுகைத் தொட்டதில்லை.

கட்டும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கோப்புக்குப் புதுப் பெயர் வரும். அந்தப் பெயரைச் சேர்வருக்குச் சொல்ல ஒரு பட்டியல் உண்டு. அது போகாவிட்டால் சேர்வர் பழைய பெயரையே தேடும், பக்கத்தில் ஒரு பொத்தானும் அசையாது. புதுத் தளத்தை ஏற்றிய மாலை, பட்டியலை ஏற்ற அவன் மறந்திருந்ததைக் கண்டேன். கண்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஓட்டமாவடி பஸ் கவுண்டர்க்காரர் அழைத்தார். "தம்பி, சீட்ட அமத்தினா கல்லு மாதிரிக் கிடக்கு! ஆஸ்பத்திரிக்குப் போற புள்ளத்தாச்சி ஒண்டு நிக்கிது. பஸ் வெளிக்கிடப் போகுது!"

பாய்ந்துபோய்ப் பட்டியலை ஏற்றினேன். "கிடைச்சிற்று தம்பி, முன் சீட்டு!" என்று அவர் கத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

"யார்ட பிழை இது?" என்று முதலாளி வந்து நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "என்ட பிழை சேர். அண்ணன்தான் காப்பாத்தினவர்" என்றான் ஹெல்மெட். முதலாளி என் முதுகைத் தட்டினார். சுட்டது.

அவனைக் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனேன். "எனக்கு நேத்தே தெரியும்டா. வேணுமெண்டுதான் பேசாம இருந்தன்."

அவன் முகக் கண்ணாடியை மேலே தூக்கினான். "ஆறு வருசம் நீங்க வளத்தது. நானெண்டா இன்னும் மோசமாச் செஞ்சிருப்பன் அண்ணன்."

நல்ல மனத்திலும் என்னை முந்திவிட்டான், பாவி!

இப்போது அவன் வெளிநாட்டில். போன வாரம் அழைத்தான். பெரிய பதவியாம், பெரிய மேசையாம், ஜன்னலுக்கு வெளியே பனியாம். வயிறு எரிய எரியக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழைப்பு முடிவதற்குள் மூன்று தரம் கேட்டுவிட்டேன், "சாப்பிட்டியா?" என்று.