பெல்ட் அறுந்தால் கல்யாணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலையில் இருக்கிறேன். கண்ணாடியோடு பழகிப் பழகி எனக்குக் குரலே எழும்பாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பெரியவர்கள் எழுதும் பக்கத்தில் நானும் இடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மாவு மில் அக்காவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை, அது அநியாயம் என்கிறாள் என் மனைவி கமலா. ஆகவே குற்றம் அவள்மேல்.

சென்னைக்குத் தெற்கே அக்காவைவிட உரக்கப் பேசிய ஒரு ஜீவன் பிறந்ததில்லை. இதில் ரயில் இன்ஜினையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விமானம் தலைக்கு மேல் பறந்தால் சேலையூரில் நாங்களெல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம். அக்கா நிறுத்த மாட்டார். விமானம்தான் அவர் பேச்சு முடியட்டும் என்று சற்றுத் தள்ளிப் போவதுபோல இருக்கும்.

கேம்ப் ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட மில். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் பேசியே பழகியதால், மெஷின் நின்ற பிறகும் அக்காவின் குரல் இறங்காது. ஒரு தடவை யாரோ ஒரு அம்மாளை அருகே இழுத்துக் காதில் ரகசியம் சொன்னார். எதிர்ச்சாரி சைக்கிள் கடைக்காரர், "அப்படியாக்கா? எனக்குத் தெரியாதே!" என்று அங்கிருந்தே பதில் சொன்னார்.

அக்காவின் கணவர் மோட்டார் பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய ஒரே பிள்ளை முருகேசன். அப்போது பதினேழு வயது. ஆள் வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பேசியது இரண்டே வார்த்தை: 'சரி', 'இன்னும்'. அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவன் சேலையூரையே ஆண்டான். மெஷினிலிருந்து வரும் மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பான். 'சரி' என்றால் டின்னைத் தூக்கிக்கொண்டு போகலாம். 'இன்னும்' என்றால் மாவு மறுபடி மெஷினுக்குள் போகும்.

"முருகேசா, சரின்னு சொல்லுப்பா. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்திருக்கேன்."

"இன்னும்."

"பொங்கிடும்டா ராஜா!"

"பொங்குனா பொங்கட்டும், நில்லுமா!" என்று அக்கா கூவுவார். "எம் புள்ள வெரலு பொய் சொல்லாது!"

அந்தப் பெண்கள் வரிசையில் டின்னோடு நின்ற ஒரே ஆண்பிள்ளை நான். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் சாந்திக்குப் பிறவியிலேயே கை கால் இழுப்பு. நடை இல்லை, பேச்சு இல்லை. சந்தோஷம் வந்தால் மட்டும் ஒரு சத்தம் போடுவாள். தெருக்கோடி வரை கேட்கும். அவளோடு எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே கமலாவும் நானும் ஷிஃப்ட் முறையில் குடும்பம் நடத்தினோம். நான் வீட்டுக்குள் வந்தால் அவள் வெளியே போவாள். ஒன்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாசற்படி தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

உறவில் கல்யாணம் என்றால் நான் ஒருவன் தலையைக் காட்டிவிட்டு வருவேன். கமலாவுக்கும் சாந்திக்கும் விருந்து அடுக்குக் கேரியரில் வரும். பந்தி என்றால் என்ன, இலை என்றால் என்ன என்று சாந்திக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஒரு நாள் அக்கா என்னிடமிருந்து பிடுங்கினார்.

"இன்னா சார், ஊட்டுக்காரம்மா வராது, எப்பவும் நீயே வர்ற?"

"பாப்பாவப் பாத்துக்கணும்..." என்றேன் மெதுவாக.

"இன்னா? கேக்கல!"

"பாப்பா..."

"எத்தினி வயசுப் பாப்பா?"

"ஒன்பது."

"ஒம்போது வயசுல இன்னா பாப்பா?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அக்கா வரிசையின் கடைசியைப் பார்த்துக் கூவிவிட்டார்: "டீச்சரு! கேட்டுக்கினியா? உன் டேவிட்டு மாதிரியே இவருக்கும் ஒரு பொண்ணு கீதாம்! மனுசன் ஊட்டுல ஒளிச்சி வெச்சிக்கினு கீறாரு!"

மெஷினுக்குள் தலையைக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் வரிசையின் கடைசியில் நின்ற ஸ்டெல்லா டீச்சர் டின்னைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஆறு வருஷமாக ஒரே பஸ் நிறுத்தத்தில் பார்த்த முகம். "உங்களுக்குமா சார்?" என்றார். அவர் மகன் டேவிட்டும் சாந்தி மாதிரிதான். அவரும் கணவரும் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முதல் ஆராதனைக்கும் மற்றவர் இரண்டாம் ஆராதனைக்கும் போவார்களாம். எங்கள் வீடுகளுக்கு நடுவே இரண்டே தெரு.

அந்த வாரத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் நாங்களெல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போக வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. சாக்கை விரித்துப் பிள்ளைகளைப் போடுவோம். புரையேறாமல் கஞ்சி கொடுப்பது எப்படி, இழுத்துக்கொள்ளும் கையில் சட்டை மாட்டுவது எப்படி, எரிந்து விழாத டாக்டர் எங்கே இருக்கிறார் என்றெல்லாம் பேசுவோம். பேசுவோம் என்றா சொன்னேன்? கத்துவோம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர்ச் சொம்பை இப்படிக் கொடுங்கள் என்பதைக்கூட அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டும். நான்கு மாதத்தில் எனக்கே ஒரு குரல் வந்துவிட்டது. சாந்திக்கோ அது சொர்க்கம். அவள் எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். தலை முதல் கால் வரை மாவாகி, சுண்ணாம்பு அடித்த சுவர் போலத்தான் வீடு திரும்புவாள்.

இனி பெல்ட் விஷயம். கல்யாணம் என்றால் பலகாரம். பலகாரம் என்றால் மாவு. எனவே சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரியும். மூட்டை வந்து இறங்கியதும், "பத்திரிகை எங்க?" என்பார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது விட்டுத் தங்கள் வீட்டு உறையைப் படிக்கச் சொல்வார். 'குடும்பத்தினர் அனைவரும்' என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். முருகேசன் பெயர் தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொள்வார். அதுதான் சிக்னல். உடனே மோட்டார் பக்கத்திலிருந்து அவர் கணவர் எழுந்து, வாழ்நாளில் அவர் உரக்கச் சொன்ன ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "பெல்ட் அறுந்துடுச்சி!"

மெஷின் நின்றுவிடும். மற்றொரு மில் தாம்பரம் மார்க்கெட்டில். அவ்வளவு தூரம் மூட்டை சுமக்க யாருக்கும் தெம்பில்லை. பேனா தேடுவார்கள். பெயரை எழுதுவார்கள். பெல்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டெல்லா டீச்சர் வீட்டு உறையில் டேவிட் பெயர் விட்டுப்போனாலும் அறுந்தது. எங்கள் வட்டாரத்தில் பெல்ட் அறுந்ததென்றால் யார் வீட்டிலோ கல்யாணம் என்று பேச்சாகிவிட்டது.

பெல்ட் எனக்கும் அறுந்திருக்க வேண்டிய நாள் வந்தது.

குரோம்பேட்டையில் இருந்த என் அண்ணன் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம். அதிரசத்துக்கு எங்கள் சேலையூர் மில் மாவுதான் வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணன் அரிசியையும் பத்திரிகையையும் கொண்டுவந்து கொடுத்தார். உறையில் என் பெயர் மட்டும் இருந்தது.

"நீ வந்துடுடா. கமலா பாப்பாவோட இருக்கட்டும். கேரியர் குடுத்தனுப்பறேன்."

கமலா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நெடுநேரம் டம்ளர் கழுவினாள். மல்லிகாவை ஐந்து வயது வரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நான் அரிசியை அளந்து பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அரிசி ஊறி, வடிந்து, ஈரமாகத் தயாராக இருந்தது. அதிரச மாவை அரைத்த கையோடு பாகில் போட வேண்டும், தாமதித்தால் புளித்துவிடும். அக்காவோ என் வீட்டு உறையைக் கேட்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பேனாவைத் திறந்து, என் பெயருக்குக் கீழே 'கமலா, செல்வி சாந்தி' என்று நானே எழுதிவிட்டேன்.

ஸ்டெல்லா டீச்சர் படித்தார். "பேரு இருக்குக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே உறையை மகனிடம் நீட்டினார். முருகேசன் மாவைத் தேய்ப்பதுபோல் அதையும் விரலால் தேய்த்தான். சாந்தியின் பெயர் பாதி கலைந்து அவன் கட்டை விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது.

விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னும்" என்றான்.

அக்கா என் அருகே வந்தார். அவருக்கு மெதுவான குரல் ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன். "நீயே எழுதிக்கினியா சார்?"

நான் தலையாட்டினேன். கொண்டையை முடிவார் என்று காத்திருந்தேன். அவர் கொண்டையைத் தொடவே இல்லை. மாவு முழுவதும் அரைபட்டது. முருகேசன் 'சரி' சொன்னான். பிறகு அக்கா, ஐந்து பேர் வரிசையில் நிற்கும்போதே மில்லை மூடிவிட்டு ஒரு ஜட்காவைக் கூப்பிட்டார். மாவு டிரம், முருகேசன், நான், அக்கா. வழியில் எங்கள் வீட்டு முன் நிறுத்தி, கமலாவையும் சாந்தியையும் ஏற்றினார். கமலா என்ன ஏது என்று கேட்கவில்லை. குதிரைதான் ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டு முற்றத்தில் பெரிய அடுப்பில் பாகு காய்ந்துகொண்டிருந்தது. சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பேர்.

"வந்துட்டீங்களா? சீக்கிரம் மாவைக் கொட்டுங்க, பாகு பதம் வந்துடுச்சு!" என்றார் அண்ணி.

அக்கா டிரம்மை இறக்கினார். மூடியைப் போட்டார். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் ஊரைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா வாயே திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மில் குரல் வந்தது.

"அண்ணா! எம் பொண்ணு பேரை எழுது!"

தென்னை மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன.

"ஏண்டா கத்தற?" என்றார் அண்ணன், பயந்துபோய்.

"தம்பி, புரிஞ்சுக்கோங்க," என்றார் அண்ணி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா, குடும்பத்துலயே இப்படி இருக்குன்னு நெனச்சுட்டா? ஐயோ, பாகு முறுகுதே!"

"பாக்கட்டும் அண்ணி! சித்தப்பன் பொண்ணுனு சொல்லுங்க! ஒன்பது வருஷமா கேரியர்ல சாப்பிட்டுட்டா! அவ வந்தா நாங்க மூணு பேரும் வரோம். இல்லன்னா யாரும் வரல!"

கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் இப்படிப் பேசினான் என்பதை என் உறவினர்கள் இன்றும் நம்புவதில்லை.

உள்ளேயிருந்து மல்லிகா தலையில் எண்ணெயோடு ஓடி வந்தாள். குங்குமச் சிமிழை எடுத்து சாந்தியின் நெற்றியில் வைத்தாள். "சாந்தி, அக்கா கல்யாணத்துக்கு வந்துடு. உங்க அப்பாவக் கத்த வேணாம்னு சொல்லு" என்றாள். சாந்தி தன் சந்தோஷச் சத்தத்தைப் போட்டாள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு புது உறையை எடுத்து எழுதினார். முதலில் செல்வி சாந்தி. அடியில் நாங்கள். முருகேசனுக்கும் ஓர் உறை எழுதினார்.

அக்கா டிரம்மிலிருந்து இறங்கினார். அதற்குள் பாகு பதம் தப்பிவிட்டது. அந்த அதிரசத்தைக் கடித்த மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஒரு பல் ஆடிப்போனதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சாந்தி பட்டுப் பாவாடையில், கமலா மடியில், முன் வரிசையில். மந்திரம் மட்டும் கேட்கும் அமைதி. இவள் கத்திவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தினாள். சரியாக "கெட்டிமேளம்!" என்றபோதுதான் கத்தினாள். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டன. மல்லிகா மணையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் பந்தியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் தாயார் இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்களிடம் நின்றார். "இந்தப் பொண்ணு யாரு?"

பின்னால் நின்ற அண்ணிதான் பதில் சொன்னார், சற்று உரக்கவே: "எங்க கொழுந்தனார் பொண்ணு. சாந்தின்னு பேரு. பாயசம்னா உயிரு."

அந்த அம்மாள் பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இங்க வாப்பா. கொழந்தைக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

கமலாவின் இலையும் என் இலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்யாண வீட்டில் அப்படி நாங்கள் உட்கார்ந்தது, சாந்தி பிறந்த பிறகு அன்றுதான். நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வரிசையில் அக்கா இலையில் கை வைக்காமல் எங்கள் மூவரையும் பார்த்தபடி இருந்தார்.

"சாப்பிடுங்கக்கா" என்றேன்.

"நீ சாப்புடு சார். நான் கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

மறுநாள் சாந்திக்கு வயிறு சரியில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.