திருவேங்கடத்தின் நெய்த்தேங்காய் பெரிய பாதையில் நடந்த விவரம்

பாரிவாக்கம்,
தை மாதம், 1992

திருநின்றவூரில் மாவுக்கட்டோடு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பெண்டாட்டி ஞானம்மாளை வேலை வாங்கிக்கொண்டிருக்கும் மச்சான் திருவேங்கடத்துக்கு, உன் அக்கா புருஷன் கஜபதி கும்பிடு போட்டு எழுதுவது. இங்கே நானும் நாகவல்லியும் சுகம். அங்கே உன் காலும், காலுக்கு மேலே இருக்கிற நீயும் சுகமாக இருக்க ஐயப்பன் துணை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. ஏன் என்று கரிமலை வரும்போது சொல்கிறேன். அதுவரைக்கும் சிரிக்காதே, கட்டு குலுங்கும்.

பிள்ளை பிறந்தால் ஏழு வருஷம் காட்டு வழியாகவே சபரிமலைக்கு நடப்பேன் என்று வேண்டிக்கொண்டு, ஆறு வருஷம் நடந்து, ஏழாவது வருஷம் ஏரிக்கரைச் சேற்றில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாய் இல்லையா, அன்றைக்கு நீ கண் கலங்கி, "என் நெய்த்தேங்காயாவது பெரிய பாதைல நடந்து போவணும் மாமா, பஸ்ஸுல பம்பைக்குப் போறவங்க கையில குடுக்க மாட்டேன்" என்றாய். "நான் தூக்கிகினு போறேன்" என்றேன். கலங்கின கண்ணோடேயே சிரித்தாய். "நீயா? டீக்கடைக்கே சைக்கிள்ல போற ஆளு நீ!" அந்தச் சிரிப்பு என் காதிலேயே குந்திக்கொண்டது மச்சான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், உயிர் போனாலும் உன் தேங்காய் நடந்துதான் போகும் என்று.

பழகிப் பார்க்கலாம் என்றால் நம்ம பக்கம் மலை எங்கே இருக்கிறது? எல்லாம் தாம்பாளம் மாதிரி கிடக்கிற ஊர். ஆவடி ஸ்டேஷன் மேம்பாலம்தான் எனக்கு மலை. தலையில் அரிசி மூட்டையோடு தினமும் ஏறி இறங்கினேன். ஒரு போர்ட்டர் நிறுத்தி, "இன்னா அண்ணாத்தே, எந்த பிளாட்பாரம்னு தெரியாம சுத்திகினு கீறியா?" என்றான். "மலைக்குப் போறேம்பா" என்றேன். "அதுக்கு சென்ட்ரல்ல போய் ஏறணும்" என்றான்.

வேலப்பன்சாவடி தச்சுப்பட்டறை வேம்புலிதான் எங்களுக்குக் குருசாமி. மாலை போட்டவன் யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது என்று அவர் சொன்னபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது, மீதியைத்தான் இருமுடியோடு எருமேலியிலிருந்து நடத்திக்கொண்டு போனேன். கன்னிச்சாமிகள் அழுதா ஆற்றில் முங்கி ஒரு கல் எடுத்து, மேலே கல்லிடும் குன்றில் போட வேண்டும் அல்லவா, எல்லாரும் நெல்லிக்காய் அளவில் எடுத்தார்கள், நான் உனக்கும் சேர்த்து என்று அம்மிக்குழவி அளவில் எடுத்துவிட்டேன். "இன்னா சாமி, மேல போய் மசாலா அரைக்கப் போறியா?" என்றார் வேம்புலி. "எட்த்தது எட்த்ததுதான் சாமி" என்று குன்று வரைக்கும் சுமந்து போட்டேன். அப்புறம் கரிமலை. உச்சி வெயில்கூட உள்ளே வர யோசிக்கிற காடு, வழியில் ஆவி பறக்கிற யானைச் சாணி. ஏற்றத்தில் முட்டி இரண்டும் தனித்தனியாகச் சரணம் சொல்லிற்று. இறக்கத்தில் கால் வழுக்கியது மச்சான், உட்கார்ந்தபடியே போனேன் போனேன், ஒரு வேர் வந்து நிறுத்துகிற வரைக்கும் போனேன். வேட்டியின் பின்பக்கம் கரிமலைக்கே காணிக்கை. ஆனால் தலையில் இருந்த இருமுடியை விட்டுக் கை நகரவில்லை.

குருசாமி ஓடி வந்து முதலில் கேட்டது, "தேங்கா?"

"கீது சாமி."

"நீ?"

"பாதி கீறேன் சாமி."

நீலிமலையில் டோலிக்காரர்கள் என் நடையைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார்கள். தேங்காய் நடந்து வரும் என்று மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர்கள் தேங்காயைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடிக்கு ஒரு மூச்சு விட்டு ஏறினேன். ஆக, பதினெட்டாம் படிக்குக் கீழே வருகிற வரைக்கும் உன் தேங்காயில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. உன் வேண்டுதலும் முடிந்தது, என் நடையும் முடிந்தது. இனிமேல் மலை இருக்கிற திசையில் தலைகூட வைத்துப் படுக்க மாட்டேன், இது சத்தியம்.

ஞானம்மாளுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைக்கு ஒரு முத்தம். அரவணைப் பாயச டப்பாவை நாகவல்லி கொண்டுவருவாள், குறைந்திருந்தால் அவளைக் கேள்.

இப்படிக்கு,
குப்புறப் படுத்திருக்கும் உன் மாமா,
கஜபதி

பின்குறிப்பு: படி ஏறும் முன்னே உடைக்க ஒரு சாதாத் தேங்காயைத் தனியாக வைத்திருந்தோம். கூட்டம் தள்ளின தள்ளலில், இருமுடிக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து ஓங்கி உடைத்தேன். நெய் தெறித்தது. வேம்புலி சாமியின் தாடியைத் துடைத்துவிட்டோம். மேலே போய்ப் பிரித்தால் உன் தேங்காய் இல்லை, என்னுடையதுதான் இருந்தது. என் நெய்த்தேங்காயை உன் பேர், உன் பிள்ளை பேர் சொல்லி அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் உன் ஏழாவது வருஷம் சரி, என் அபிஷேகம்தான் பாக்கி. அடுத்த வருஷத்துப் பெரிய பாதைக்குக் குருசாமியிடம் பேர் கொடுத்தாயிற்று, உனக்கும் சேர்த்து. கட்டுப் பிரித்ததும் ஆவடி மேம்பாலத்துக்கு வந்துவிடு. உடைக்காமல் திரும்பி வந்த சாதாத் தேங்காயில் நாகவல்லி சட்னி அரைத்தாள். உப்புப் போட மறந்துவிட்டாள்.