ஹரிஜன சகோதரர் காபி அருந்திய செய்திக்குத் திருத்தம் கோரி

திருத்தணி,
6-7-1948.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் ஆதிகேசவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் திருத்தணி நிருபர் கோதண்டம் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும் என் பேனாவும் சௌக்கியம். தாங்களும் தங்கள் உதவி ஆசிரியர்களும் சௌக்கியமாயிருக்க மலைமேல் இருப்பவரை வேண்டிக்கொள்கிறேன். முனியனின் வலது கை மட்டும் சௌக்கியமில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற மாதம் 28-ஆம் தேதி காலை, அம்மையார்குப்பத்திலிருந்து சேலை மூட்டை சுமந்து வந்த முனியன், அதை ரயிலடியில் இறக்கிவிட்டு, கடைத்தெருவில் பரசுராமன் நடத்தும் காபி கிளப்புக்குள் நுழைந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். சேரிக்காரர்கள் வாசலில் நின்றபடி, கூரையில் செருகியிருக்கும் தகரக் குவளையை எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவி வைப்பது இங்கே வழக்கம். அப்படி நிற்க வேண்டியதில்லை என்று சர்க்கார் சட்டம் போட்டிருப்பதை யாரோ முனியனிடம் சொல்லியிருக்கிறார்கள். பரசுராமனிடம் யாரும் சொல்லவில்லை போலும். அவர் பாய்லர் குழாயைத் திறந்து, ஒரு செம்பு கொதிநீர் பிடித்து, நிதானமாக நடந்து வந்து முனியன் கையில் ஊற்றினார். மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை தோல் உரிந்தது. இதை இதே வார்த்தைகளில் எழுதி அன்றைய தபாலிலேயே அனுப்பினேன்.

ஜூலை முதல் தேதி நம் பத்திரிகையில் வந்தது இது: 'திருத்தணியில் ஹரிஜன சகோதரர் ஒருவர் காபி கிளப்பில் அமர்ந்து காபி அருந்தினார். அச்சமயம் கைப்பிசகாய் வெந்நீர் சிந்தியதில் ஏற்பட்ட சிறு மனஸ்தாபம், பெரியோர்களால் சுமுகமாகத் தீர்த்து வைக்கப்பட்டது.' பெரியோர் எவரும் வரவில்லை. முனியன் காபியும் அருந்தவில்லை. திருத்தணி என்ற ஊர் மட்டும் சரியாக இருக்கிறது.

நான் இந்தப் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். 1922-இல் ஆர்.கே.பேட்டையில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது, தங்கள் தகப்பனார் 'பஞ்சமன் ஒருவன் வரம்பு கடந்து கிளப்பில் பிரவேசித்தான். நையப் புடைத்துத் துரத்தப்பட்டான்' என்று போட்டார். 1934-இல் மறுபடி நடந்தபோது அது 'தீண்டாதார் ஒருவருக்கும் ஜாதி இந்துக்களுக்கும் கைகலப்பு' ஆயிற்று. ஒரு ஆள் பதினோரு பேரோடு எப்படிக் கைகலந்தான் என்று யாரும் கேட்கவில்லை. 1941-இல் 'ஹரிஜனங்கள் விஷயமாக வருந்தத்தக்க சம்பவம்'. அடித்தவரும் இல்லை, அடிபட்டவரும் இல்லை. மழை பெய்வதுபோலச் சம்பவம் தானாகவே நடந்துவிட்டது. இப்போது சகோதரர், காபி, சுமுகம். தங்கள் தகப்பனார் அவனை மனுஷனாக மதிக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் அடி விழுந்ததை அவர் மறைக்கவில்லை. 'அவனை' நாம் 'அவர்' ஆக்கி முடிப்பதற்குள் அடியைக் காணோம்.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். பரசுராமன் அந்தச் செய்தியைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்துக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். இப்பேர்ப்பட்ட உத்தமரின் கிளப்பைப் பார்க்கவென்று கனகம்மாசத்திரத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். என்னைத் தெருவில் கண்டு கும்பிட்டார். "சாமி, உங்க பேப்பரு நம்மள பெரிய மனுசனாக்கிட்ச்சு. இன்னொரு தபா ஊத்துனாக்கா இதவிட பெர்சா போடுவீங்களா?" என்று சிரித்தார். முனியன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு புகார் கொடுக்கப் போனால், ஹெட் கான்ஸ்டபிள், "பேப்பர்லியே தீந்து பூட்ச்சுன்னு போட்டுக்கீறான். அப்புறம் இன்னாத்துக்குடா கேசு?" என்கிறார். எப்படியோ ஒரு வக்கீல் இரக்கப்பட்டுக் கேஸ் போட்டுவிட்டார். முனியனுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல வர்ற சகோதரர் யாருங்க சாமி? நல்லா காபி குடிச்சிக்கீறாரே, கொடுத்து வச்ச ஆளு" என்றார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் விசாரணை. பரசுராமன் பக்கம் நம் பத்திரிகையைத் தாக்கல் செய்யப் போகிறார்கள். முனியன் பக்கம் தாக்கல் செய்ய அவருடைய கையைத் தவிர ஒன்றும் இல்லை. சாட்சி என்று ஒருவரும் வரவில்லை. கிளப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து இட்டிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆகையால் வெள்ளிக்கிழமைக் காலைப் பதிப்பிலாவது, 'வெந்நீர் சிந்தவில்லை, ஊற்றப்பட்டது, ஊற்றியவர் பரசுராமன், எதுவும் தீரவில்லை' என்று மூன்று வரி திருத்தம் போடும்படி மன்றாடுகிறேன். சகோதரர் என்ற பட்டத்தை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். முனியன் வருத்தப்பட மாட்டார்.

தங்கள் மகள் குமாரி சுலோச்சனாவுக்கு வரன் குதிர்ந்தது கேட்டு மிக்க சந்தோஷம். தம்பதிகள் நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
கீழ்ப்படிதலுள்ள,
கோதண்டம்.

பி.கு.: கவரை ஒட்டும் சமயத்தில் முனியனின் மனைவி எல்லம்மாள் வந்தார். சாட்சி இல்லாவிட்டால் கேஸ் நிற்காதாமே என்றார். எனக்கும் அதில் வருத்தம்தான் என்றேன்.

"இன்னா சாமி வருத்தம்? நீங்க எதுர் பெஞ்சில குந்திகினு காபி குடிச்சிகினு இருந்தீங்கன்னு எங்க ஊட்டுக்காரு சொல்லுதே."

"நான் நிருபரம்மா. எழுதுவேன். சாட்சிக்கெல்லாம் வரக்கூடாது."

"ஆங். பேப்பருக்கு எழுதுனீங்க, அவங்க மாத்திட்டாங்க. கோர்ட்டுல வந்து வாயால சொல்லுங்க. யாரு மாத்துறான் பாக்கலாம்."

அவர் சொன்னது உண்மை. முனியன் அலறியபோது நான் எழுந்திருக்கவில்லை. மிச்சக் காபியைக் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். நான் அனுப்பிய செய்தியிலும் அந்த ஒரு வரி இல்லை. அதை எந்த உதவி ஆசிரியரும் வெட்டவில்லை, நானே எழுதவில்லை. ஆகவே மேலே கேட்ட திருத்தம் வேண்டாம். வெள்ளிக்கிழமை கோர்ட்டுச் செய்திக்கு வேறு நிருபரை அனுப்புங்கள். நான் அன்று சாட்சிக் கூண்டில் இருப்பேன்.