ரயில் பாட்டுக்கு வைத்த மை

பட்டுச் சாயம் விரலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும் என்று இருபத்திரண்டு வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேறு ஊர்க்காரன் சொன்னால் மன்னிக்கலாம். நான் ஆரணியில் பிறந்தவன். என் தாய்மாமா சாயப்பட்டறை வைத்திருந்தவர். வாசல் கால்வாயில் ஒரு நாள் அரக்கும் ஒரு நாள் கிளிப்பச்சையுமாகத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் இதை நம்பினான் என்றால், கோளாறு சாயத்தில் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எங்கள் தெருவில் நாங்கள் ஒரு கூட்டம், வெள்ளைக்கார ராக் பாட்டுக் குழு ஒன்றுக்கு ரசிகர்களாக இருந்தோம். குழுவின் பேர் வேண்டாம், அவர்கள் மானம் போகும். அட்டைப் படத்தில் ஐந்து பேர் நிற்பார்கள், ஐந்து பேரும் சலூன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். அந்தக் குழு சண்டை போட்டுக்கொண்டு கலைந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. (அவர்கள் ஆரணிக்கு வந்தால் எங்கே தங்க வைப்பது என்றுகூடப் பேசியிருக்கிறோம்.)

இதற்கெல்லாம் காரணம் என் சிநேகிதன் டேவிட். அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அண்ணன் கப்பலில் வேலை. அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயருக்குத் தீனியாகச் சின்ன ரெக்கார்டுகள் கொண்டுவருவார். டிபன் தட்டு அளவுதான் இருக்கும், பக்கத்துக்கு ஒரு பாட்டு. இதற்குப் பேர் சிங்கிள் என்று டேவிட் சொல்லிக்கொடுத்தான். இங்கிலீஷ் பாட்டின் அர்த்தம் சொல்வதும் அவன்தான்.

"இன்னாடா பாடறான்?"

"அவன் ஆளு போயிட்டாளாம்."

"எங்க?"

"அத சொல்லல."

பாட்டுகளின் நிஜப் பேர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பேர் வைத்திருந்தோம். கிடார் கரி இன்ஜின் மாதிரி மூச்சு வாங்க, டிரம் பாலத்தைக் கடக்கிற சத்தம் போடுவது ரயில் பாட்டு. மாதா கோவில் மணியோடு தொடங்குவது மணிப் பாட்டு. நடுவில் பாடகர் ஒரு தரம் இருமுவது இருமல் பாட்டு. அந்த இடம் வந்தால் நாங்களும் சேர்ந்து இருமுவோம். மாமாவின் பட்டறையில் சாயம் தோய்க்கும் ஏழுமலைக்கு இருமல் பாட்டுதான் உயிர். "அந்த ஒரு இருமல்ல எவ்ளோ பீலிங் வெச்சிகிறான் பாரு" என்பான்.

எது சிறந்த சிங்கிள் என்ற கேள்வியை யார் முதலில் கிளப்பியது என்று ஞாபகம் இல்லை. நானாகத்தான் இருக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தோம். பத்தாவது இடம் சுலபமாக முடிந்தது. முதல் இடத்துக்கு வந்தபோது டேவிட்டும் ஏழுமலையும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கை தூக்கச் சொல்லிப் பார்த்தோம். ஏழுமலை இரண்டு கையையும் தூக்கினான். கேட்டால், "ரெண்டு கைக்கும் புடிச்சிகீது" என்றான்.

அப்போதுதான் ஊரில் நகராட்சித் தேர்தல் வந்தது. பல வருஷம் கழித்து வந்த தேர்தல் என்பதால் திரும்பின பக்கமெல்லாம் ஒலிபெருக்கி. எங்கள் வார்டில் நின்றவர் யார் என்கிறீர்கள், என் மாமாதான். மாமாவுக்கு வெள்ளை வேட்டி கட்டத் தெரியும், கும்பிடத் தெரியும். மற்ற தகுதிகளைப் பற்றிக் குடும்பத்துக்குள் இரண்டு கருத்து உண்டு. எதிரில் நின்றவர் சோடா கடை துரைக்கண்ணு.

நான் மாமாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நம்ம பாட்டுப் பசங்க ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் மாமா. நான் ஆச்சு."

"ஜெயிச்சிட்டேன்னு வை, மெட்ராஸ்ல நம்ம சரக்கு எடுக்கறவரு கடையில உன்னை உக்கார வெக்கிறேன்" என்றார் மாமா.

மெட்ராஸ். அங்கே சுவர் முழுக்க ரெக்கார்டு அடுக்கின கடைகள் இருப்பதாக டேவிட் சொல்லியிருந்தான். அன்று முதல் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆர்வத்தில் இன்னொன்றும் கேட்டேன். "பிரச்சாரத்துக்கு எங்க ரயில் பாட்டைப் போடலாமா மாமா? பசங்க குஷியாயிடுவாங்க."

"எனக்கு ஓட்டு வேணும்டா சேகரு. தலைவலி வேணாம். தகர டப்பா உருளற சத்தத்தப் போட்டுகினு ஓட்டுக் கேட்டா இருக்கறவனும் ஓடிடுவான்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் ஊர்த் தேர்தலைப் பார்த்து எனக்கு யோசனை பிறந்தது. பாட்டுக்கும் அப்படியே ஒரு தேர்தல் வைத்தால் என்ன? பேர் வாயில் நுழையாவிட்டால் சின்னம் இருக்கிறதே. ரயில், மணி, (இருமலுக்கு என்ன படம் போடுவது என்று தெரியாமல்) மருந்து பாட்டில். கரித்துண்டால் சுவரில் எழுதிப் பிரச்சாரம் நடந்தது. "சளைக்காத இருமலுக்கே உங்கள் ஓட்டு" என்று ஏழுமலை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கம்பவுண்டர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அமாவாசை அன்று தறிக்கு லீவு. டேவிட் வீட்டுக் கூடத்தில் போர்வையைத் தொங்கவிட்டு வாக்குச்சாவடி கட்டினோம். பெட்டிக்கு பிஸ்கட் டப்பா. தேர்தல் அதிகாரி நான். பாட்டைக் கேட்டே இராதவர்கள் எல்லாம் டீயும் போண்டாவும் உண்டு என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றார்கள். முள்ளிப்பட்டிலிருந்துகூட ஒருத்தன் சைக்கிள் மிதித்து வந்தான்.

கள்ள ஓட்டுதான் ஒரே பயம். ஏழுமலையை மனதில் வைத்து, "அழியாத மை ஒண்ணு வேணுமே" என்றேன். ஏழுமலையே முன்வந்தான். பட்டறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் சுடச்சுடக் கருநீலச் சாயம் கொண்டுவந்து வைத்தான். நான் ஈர்க்குச்சியால் தொட்டு, ஒவ்வொருவராக, இடது கை ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில், அச்சு அசல் தேர்தல் மாதிரியே கோடு இழுத்தேன். கடைசியில் எனக்கும் ஒன்று இழுத்துக்கொண்டேன். என்ன பெருமை அப்போது.

ரயில் பாட்டு அபார வெற்றி. இருமலுக்கு டெபாசிட் போனது. ஏழுமலை மட்டும் மறு எண்ணிக்கை கேட்டான்.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை காபி டம்ளரை நீட்டினார்கள். வாங்க இரண்டு கையையும் நீட்டினேன். இடது கையைப் பார்த்துவிட்டு டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"இன்னாடா விரல்ல மை? வியாழக்கெழமைதானே எலெக்‌ஷன்? அதுக்குள்ள யாருக்குப் போட்ட?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. விரலில் மை இருந்தால் சாவடியில் ஓட்டுப் போட விடமாட்டார்கள். என் விரலில் இருந்தது. மாமாவுக்கு நான் எழுதிக் கொடுக்காத குறையாக வாக்குக் கொடுத்த அத்தனை பேர் விரலிலும் இருந்தது. வைத்தவன் நான். (ஊரே தேர்தல் தேர்தல் என்று கத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் யோசனையே வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் அத்தை வேண்டியிருந்தது.)

"சாயம் அத்தை. சோப்புப் போட்டா போயிடும்" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பட்டறைக்காரர் பெண்டாட்டி அவர்கள்.

நேராக ஏழுமலையிடம் ஓடினேன். முழங்கை வரை நீலமாக நின்று நூலைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"டேய், இது போவுமாடா?"

"போவாம இருக்கணும்னுதான கேட்ட?"

"எப்பவாவது போவுமா?"

"நகம் வளந்தா போவும். பட்டுல ஏர்றது தோல்ல ஏறாதா? இத்தினி வருசமா என் கையப் பாக்கறியே, இது இன்னா நான் ஆசைப்பட்டு பூசிகினதா?"

எலுமிச்சம்பழம் தேய்த்தேன். புளி, மண்ணெண்ணெய், சாம்பல், செங்கல் தூள். சலவைக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசிக்கொண்டு ராத்திரி முழுக்க விரலை ஊதினேன். மையைத் தவிர மற்ற எல்லாம் போனது. தோல் போனது, ரேகை போனது. நகத்தோரத்தில் அந்தக் கருநீலம் மட்டும் குத்தகைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "ஜல்தி தேய்ங்கடா, செங்கல்லால தேய்ங்கடா" என்று கெஞ்சினேன். முள்ளிப்பட்டுக்காரனை மட்டும் விட்டுவிட்டேன், அவனுக்கு எங்கள் வார்டில் ஓட்டு இல்லை. ஒருத்தனும் தேய்க்கவில்லை. "பேஜார் பண்ணாத சேகரு, தறியில நூலு மாட்டும்" என்றார்கள். நெசவுக்காரனுக்கு விரல் வழவழப்பாக இருக்கவேண்டும், சொரசொரத்தால் பட்டு நூல் சிக்கிக்கொள்ளும். பிழைப்பு அவர்களுக்கு, மெட்ராஸ் எனக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் எங்கள் ரயில் பாட்டு கேட்டது. ஒலிபெருக்கியில். சோடா கடை துரைக்கண்ணு ஜீப்பில் ரெக்கார்டு பிளேயரை வைத்து, ஓடினால் முள் எகிறும் என்று வண்டியை நிறுத்திப் பாட விட்டிருந்தார். சுற்றிலும் பசங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டேவிட் பெருமையாக பிளேயர் பக்கத்தில் நின்றான்.

"நீ ஏண்டா குடுத்த?"

"கேட்டாரு, குடுத்தேன். 'நல்ல பாட்டுப்பா, இன்னொரு தபா போடு'ன்னாரு. உங்க மாமா இன்னா சொன்னாரு?"

இதெல்லாம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மண்டை முழுக்க விரல்தான். கள்ள ஓட்டுக்கு எத்தனை வருஷம், வேலூர் ஜெயிலில் களி எப்படி இருக்கும், அங்கே பாட்டு போடுவார்களா என்ற ரீதியில் போய்க்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை, புண்ணான விரலுக்குத் துணி சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். மையும் தெரியாது, பரிதாபமும் கிடைக்கும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழுமலை. அவனுக்கு முன்னும் பின்னும் எங்கள் கூட்டம், எல்லா விரலிலும் என் கைவண்ணம்.

விரல் பார்க்க உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஊர் சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒரு வாத்தியார். ஏழுமலை இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்னய்யா இது?"

"சாயம்ங்க. பட்டறையில வேல செய்யறேன்."

"இதுல நான் எங்க மை வைக்கிறது?"

"உங்களுக்கு எங்க எடம் தெரியுதோ அங்க வைங்க."

வரிசையில் சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தனாகக் கையை நீட்டினான். "சாயம்ங்க", "சாயம்ங்க", "எனக்கும் அதாங்க". காலையிலிருந்து அந்த மனுஷர் கத்தரிப்பூக் கை, குங்குமக் கை, மருதாணிக் கை எல்லாம் பார்த்துக் களைத்திருந்தார். ஒரு கட்டத்துக்கு மேல் விரலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு அனுப்பினார்.

என் முறை வந்தது. கட்டுப் போட்ட விரலை நீட்டினேன். களைப்பெல்லாம் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சு சார்."

"அவிழு."

"வலிக்கும் சார்."

"நான் மெதுவா பாக்கறேன். அவிழு."

அவிழ்த்தேன். உரித்த வெங்காயம் மாதிரி ஒரு விரல், பிளீச்சிங் பவுடர் நாற்றம், நகத்தோரத்தில் கருநீலம். அவர் விரலையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"ஊரே சாயக் கையோட வந்திச்சு. ஒருத்தனும் அழிக்கல. நீ மட்டும் எதுக்குப்பா அழிச்ச?"

பாட்டு, சிங்கிள், ரயில் சின்னம், பிஸ்கட் டப்பா என்று ஏதோ ஆரம்பித்தேன். போலீஸ்காரர் ஒருவர் என் தோளில் கை வைத்து அன்பாக வெளியே நடத்திக்கொண்டு போனார்.

மாமா தோற்றார். சாதாரணமாக அல்ல. ரயில் பாட்டுக்கு பிஸ்கட் டப்பாவில் விழுந்ததைவிடக் குறைவான ஓட்டு. மெட்ராஸ் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெரியாதவர்களிடம் சொல்வார்: "என் மச்சினப் பசங்க யாரும் கவிழ்க்கலீங்க. இந்த அக்கா பையன் கவிழ்த்தான். பாட்டுக்கு எலெக்‌ஷன் வெக்கறேன்னு என் ஆளுங்க விரல்ல பூரா மை வெச்சிட்டான். பூத்துல ஒருத்தனையும் உள்ள உடல. இல்லன்னா நான் சேர்மன் வரைக்கும் போயிருப்பேன்." அத்தை இன்றைக்கும் என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காபி தருவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வேன். மாமா சந்தோஷமாக இருக்கிறார், சோறும் நன்றாக இருக்கிறது, நான் எதற்கு நடுவில்?

நடந்தது இதுதான். சாய விரலோடு போன அத்தனை பேரும் உள்ளே போனார்கள், ரயில் பாட்டைப் போட்ட துரைக்கண்ணுவுக்கு முத்திரை குத்திவிட்டு வந்தார்கள். அந்தச் சாவடியில் மைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது நான் ஒருத்தன்தான்.