ஒரே ஒரு தெற்கு வாசல்

வரைபடத்தின் மடிப்பில் அகப்பட்டுக்கொண்டதால் வெளியார் கண்ணில் படாமலே போன நாடு சமபுரம். அந்த நாட்டில் மனிதர்களை வாசலை வைத்து அடையாளம் காண்பது வழக்கம். கிழக்கு பார்த்த வாசல் உள்ளவர்கள் ஒரு குலம், வடக்கு பார்த்தவர்கள் ஒரு குலம், தெற்கு பார்த்தவர்கள் ஒரு குலம். மேற்கு பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று தலைமுறைக்கு முன் ஒரு நல்ல ராஜா, வாசல் பேதம் இன்றோடு ஒழிந்தது என்று செப்புத் தகட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அரசாங்கப் பதிவேடு எதிலும் வாசல் என்ற சொல்லே கிடையாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் மட்டும், "உங்க வீட்டுக்குக் காலை வெயில் எப்படி விழுதுங்க?" என்று பொதுவாக விசாரித்துக்கொள்வார்கள்.

அந்த நாட்டில் ஆற்றுமேடு என்றொரு நகரம். நகரசபைக்கு ஒரே வைத்தியர், சிவநேசர். காலையில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினால் முதலில் கிழக்கு வாசல் வீடுகள். ஏன் அங்கிருந்து என்று கேட்டால், சூரியனே அங்கிருந்துதானே தொடங்குகிறது என்பார். பிறகு வடக்கு வாசல்கள். அது முடிவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும், குதிரையும் வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். இப்படியாகப் பதினோரு வருஷமாக அவர் தெற்குத் தெருவில் கால் வைத்ததில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. வழி அப்படி அமைந்துவிட்டது.

தெற்குத் தெருவில் ஐம்பத்திரண்டு வீடுகள். அவ்வளவுக்கும் மருத்துவச்சி பூவாத்தாள். வயது அறுபது. தலை திரும்பி வருகிற பிள்ளையை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தால்தான் வைத்தியர் கையும் அவருடைய ஆயுதமும் வேண்டும். வைத்தியர் வராத பதினோரு வருஷத்தில் அப்படிப் பதினான்கு பெண்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பதினான்கு பேரின் பெயரையும் அவள் வரிசையாகச் சொல்வாள்.

பக்கத்து வீட்டுக் காத்தவராயன் மனைவி நாகவடிவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் வயிற்றைத் தடவிப் பார்த்த பூவாத்தாளின் கை ஓரிடத்தில் நின்றது. தலை இடப்பக்கம், கால் வலப்பக்கம்.

"திரும்பீருமா ஆத்தா?" என்றாள் நாகவடிவு.

"திரும்புனாலும் திரும்பும்" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் கொண்டையை முடிந்துகொண்டு நகரசபைக்குப் போனாள்.

நகரசபைத் தலைவர் பரமேட்டியார் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் செயலர் உத்தமநாதர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நகரில் பதினோரு ஆண்டுகளில் பதினான்கு தாய்மார் இறந்தது உண்மை. ஆயினும் அவ்விறப்புகள் மக்கள் அனைவருக்கும் சராசரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன" என்றார் செயலர்.

"பதினாலும் தெக்கு வாசலுங்க."

"அப்படியொரு பிரிவு இந்நாட்டில் இல்லை, அம்மா. இல்லாத பிரிவில் எவரும் இறக்க இயலாது."

"அப்ப எண்ணிப் பாருங்க. யாரு எங்க சாகறாங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அதுக்கப்புறம் நான் வரமாட்டேன்."

சபை கூடியது. எண்ணினால் பேதம் வளரும் என்றது ஒரு கட்சி. எண்ணினால்தான் பேதம் தெரியும் என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பேசியவர்கள் கிழக்கு வாசல்காரர்களே என்பதால் விவாதம் மிகக் கண்ணியமாக நடந்தது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணுவதென்று முடிவாயிற்று. ஆனால் செப்புத் தகட்டுக்கு ஊறு வந்துவிடக்கூடாது. ஆகவே படிவத்தில் ஒரே கேள்வி வைத்தார்கள்: உங்கள் வீட்டுக்கு வாசல் உண்டா, இல்லையா?

எல்லா வீட்டுக்கும் இருந்தது. ஆற்றுமேட்டில் நூற்றுக்கு நூறு பேரும் சமமாக வாசல் பெற்றிருக்கிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டு, சபையில் சர்க்கரைப் பொங்கல் வழங்கினார்கள். நாகவடிவுக்கு அப்போது எட்டாம் மாதம். பிள்ளை திரும்பவில்லை.

பூவாத்தாள் மறுபடியும் போய் நகரசபைப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான்கு நாள் உட்கார்ந்தாள். தாண்டிப் போவது தலைவருக்குச் சிரமமாக இருந்ததால் இரண்டாவது ஆணை பிறந்தது. எந்தத் திசை என்று யாரையும் கேட்பது குற்றம். ஆனால் பார்ப்பது குற்றமில்லை. எனவே கணக்கெடுப்பாளர் திசைகாட்டியோடு தெருவில் நின்று, வாசல் பார்க்கும் பக்கத்தை மட்டும் குறித்துக்கொள்வார். வாசலுக்கு ஒருவர் பெயரும் வயதும் பதிவாகும். தெற்கு வாசல்கள் பின்தங்கியிருப்பதாகத் தெரிந்தால் வைத்தியர் இனி அங்கிருந்துதான் தொடங்குவார். எண்ணிக்கை இன்னும் பதினைந்து நாளில்.

இதை அன்றைக்கே போய் எண்ணியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பறையறைந்து பதினைந்து நாள் முன்னால் சொன்னார்கள்.

மறுநாளிலிருந்து நகரில் கொத்தனாருக்குத் தட்டுப்பாடு. தலைவர் பரமேட்டியார் தன் சமையலறையின் தெற்குச் சுவரை இடித்துத் தேக்கு வாசல் வைத்தார். காற்றுக்காக என்றார். அடுத்த வீட்டு உத்தமநாதருக்கும் காற்று தேவைப்பட்டது. அந்த வாரத்தில் கிழக்குத் தெருவில் பன்னிரண்டு மாளிகைகளுக்குக் காற்று தேவைப்பட்டது.

தெற்குத் தெருவில் நடந்தது வேறு. அவர்களுடைய பாட்டன் காலத்தில் ஒருமுறை எண்ணினார்கள். எண்ணி முடித்த மறுவருஷம், ஆற்றங்கரையில் இருந்தவர்களை அப்படியே அள்ளிச் சுடுகாட்டுப் பக்கம் கொண்டுவந்து போட்டார்கள். இப்போதிருக்கிற தெரு அதுதான். ஆகையால் திசைகாட்டி வருகிறது என்றதும் ஐம்பத்தொரு வீட்டுக்காரர்கள் செங்கல் அடுக்கி வாசலை அடைத்துச் சாந்து பூசிவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்வரத் தொடங்கினார்கள். கல்யாணப் பானையும் ஜன்னல் வழியாகத்தான், கடன் கேட்டு வந்த மாமனாரும் ஜன்னல் வழியாகத்தான்.

பூவாத்தாள் வீடு வீடாகப் போய் ஜன்னலில் நின்று பேசிப் பார்த்தாள். காத்தவராயன் உள்ளேயிருந்தபடி சொன்னான்:

"உனக்கென்ன ஆத்தா, ஒண்டிக்கட்டை. தூக்கிப் போட்டா ஒரு மூட்டையோட போயிருவ. நாங்க எங்க போறது?"

"எண்ணுனாத் தூக்கிப் போடுவாங்கங்கற. எண்ணாமயே பதினாலு பேரைத் தூக்கிட்டுப் போயிருக்கறோமேடா."

அவன் சாந்தைப் பெயர்க்கவில்லை. அவன் பயத்தில் நியாயம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

எண்ணிக்கை முடிந்தது. அறிக்கையின்படி நகரில் தெற்கு வாசல்கள் மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டு கிழக்குத் தெருவில். தெற்குத் தெருவில் ஒன்று, பூவாத்தாளுடையது. தெற்கு வாசல் மக்களில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கினர் மாடி வீடுகளில் வாழ்வதாகவும், அவர்களிடையே பிரசவ மரணம் அறவே இல்லை என்றும் செயலர் பெருமையோடு வாசித்தார். பின்தங்கியிருப்பதாகத் தெரியாவிட்டாலும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வைத்தியர் இனி தெற்கு வாசல்களிலிருந்தே தொடங்குவார் என்று சபை பெருந்தன்மையோடு தீர்மானித்தது.

தெருவில் மீதி ஐம்பத்தொரு வீடு இருக்கிறதே, அதில் ஜனங்கள் இருக்கிறார்களே என்று பூவாத்தாள் கேட்டாள்.

"அங்கே இருப்பவை சுவர்கள், அம்மா. சுவர் பிரசவிப்பதில்லை" என்றார் உத்தமநாதர்.

அவள் சண்டை போடவில்லை. பதிவேட்டில் பதின்மூன்றாவதாகத் தன் வாசல் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு காத்தவராயன் ஜன்னலைத் தட்டினாள். நிறைமாத நாகவடிவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு பேர் உள்ளேயிருந்து தள்ள, மூன்று பேர் வெளியே நின்று வாங்கினார்கள். ஜன்னல் சட்டம் ஒன்று போயிற்று. தன் வீட்டு நடுக்கூடத்தில் அவளைக் கிடத்திவிட்டுப் பூவாத்தாள் வாசலை அகலத் திறந்து வைத்தாள்.

வலி கண்டது ஆறாம் நாள் காலையில். வைத்தியர் பன்னிரண்டு மாளிகைகளில் பன்னிரண்டு ஏப்பங்களைப் பரிசோதித்துவிட்டு உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தார். பதிவேட்டைத் திறந்து, இந்த வாசலில் பூவாத்தாள், வயது அறுபது என்று ஒரே ஆள்தான் இருப்பதாகவும், வேறு ஆளுக்கு வைத்தியம் பார்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்றும் தெரிவித்தார்.

பூவாத்தாள் வெந்நீர்க் குண்டானை இறக்கி வைத்தாள்.

"வலி எனக்குத்தானுங்க. எழுதிக்கங்க."

சிவநேசர் அவளைப் பார்த்தார், கட்டிலில் முனகுகிறவளைப் பார்த்தார். பூவாத்தாள், வயது அறுபது, தலைப்பிரசவம், சிசு குறுக்குநிலை என்று எழுதி மையை ஊதிக் காயவைத்தார். பிறகு கையைக் கழுவினார். அவர் நல்ல வைத்தியர்தான். பிள்ளையைத் திருப்பி, கால் வழியாக இழுத்தெடுத்தார். நீலம் பாரித்துக் கிடந்தது, இரண்டு தட்டுத் தட்டியதும் வீறிட்டது. நாகவடிவு கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வண்டியில் ஏறும்போது வைத்தியர், "அடுத்த பிரசவம் உங்களுக்கு எப்போது?" என்று கேட்டார்.

"கார்த்திகையில ரெண்டு இருக்குதுங்க."

குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் இறங்கினார்கள். காத்தவராயன்தான் எல்லாக் கட்டிலுக்கும் முன்கால் பிடித்தான்.

வருஷ முடிவில் நகரசபைச் சேவகர் ஓர் அறிவிப்போடு வந்து, வாசலில் நின்று வாசித்தார். தெற்குத் தெருவில் வசிக்கும் பூவாத்தாள் என்பவர் அறுபத்தோராம் வயதுக்குள் ஒரே ஆண்டில் இருபத்து மூன்று முறை பிரசவித்து, இரட்டைகள் உட்பட இருபத்தைந்து மக்களைப் பெற்றுள்ளார். இது குடும்ப அளவு ஒழுங்காணைக்கு முற்றிலும் முரணானது. இத்தகைய பெருக்கத்தால் தெற்கு வாசல் மக்கள் விரைவில் நகரைக் கைப்பற்றிவிடுவர் என்று மாண்புமிகு தலைவர் தம் தெற்கு வாசலில் நின்றபடி கவலை தெரிவித்துள்ளார். பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும்.

"செத்துப் போனவங்க எத்தனைன்னு அதுல போட்டிருக்குதுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

சேவகர் தாளைத் திருப்பினார். கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதும்மா."

அவள் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது என்றாலும் பார்த்தாள். பிறகு மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். விளக்கம் என்னவென்று எழுதுவது என்று சேவகர் கேட்டார்.

"வர்ற மாசம் இன்னும் ஆறு இருக்குதுன்னு எழுதிக்கங்க" என்றாள்.