வலது காதுக்கு மட்டும் மாமன்

இதை அச்சுக்குக் கோர்ப்பவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவு கிடையாது. அந்த நேரத்தில் கைக்கு எது வருகிறதோ அதைப் போட்டுவிடுவேன். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்தாதீர்கள். அதை ஏற்கெனவே எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகத் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். டீக்கடையில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டு, சர்க்கரை வியாதிக்காரன் மாதிரி குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு தடவை நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறை வாசலில் இறங்க வேண்டியவன், கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்ல வாய் வராமல் கருவேப்பிலங்குறிச்சி வரை போய்த் திரும்பினேன். (மீதி தூரத்துக்குப் புது டிக்கெட் வேறு எடுத்தேன்.)

இப்படிப்பட்டவனை எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத் தலைவராகப் போட்டார்கள். எனக்கு முன்னால் தலைவராக இருந்தவர் வாயைத் திறந்தால் சண்டை. அவரால் நொந்துபோன தலைமை ஆசிரியை சிஸ்டர், அடுத்த கூட்டத்தில் வாயே திறக்காத ஆளாகத் தேடினார். "சவரிமுத்து இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்கத்தானே வேண்டும். தலைவராகிவிட்டேன்.

அது சாதாரண வருஷமாக இருந்திருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடம் இருக்குமா மூடுமா என்ற நிலைமை. எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் வாத்தியாரும் குறைவார். வாத்தியார் குறைந்தால் அடுத்த வருஷம் பிள்ளைகள் இன்னும் குறையும். மற்றபடி கூரை, பெஞ்சு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் கோயில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்கே மழைக்கு ஒழுகுகிறது. காலையில் இங்கிலீஷ் பள்ளிகளின் வேன் எங்கள் கோயில் வாசலில் வந்து நின்றுதான் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும்.

மறைமாவட்டத்துப் பள்ளிகளையெல்லாம் நிர்வாகம் செய்யும் ஃபாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அவர் மேனேஜர் ஃபாதர். பள்ளியைத் தொடர்ந்து நடத்துவதா, இல்லை டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். சேர்த்துவிட்டால் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் சின்ன மகள் ரெண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். சத்துணவில் சமைக்கும் என் மனைவி ஆரோக்கியமேரிக்கு வேலை போய்விடும். "ஒங்க கூச்சத்தை அன்னிக்கு ஒருநாள் மட்டும் வூட்டுல வச்சிட்டுப் போங்க" என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் ஒரு திட்டம் போட்டார். தங்கை வீட்டு விசேஷத்துக்குத் தாய்மாமன் மேளதாளத்தோடு சீர் கொண்டுபோவது போல, பெற்றோர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவது. இப்போது நிறைய ஊரில் செய்கிறார்கள். பள்ளிக்குத் தேவையான சாமானும் வந்துவிடும், தெருவில் பார்க்கிறவர்களும் பிள்ளையைச் சேர்க்க யோசிப்பார்கள், ஃபாதரும் பெற்றோரின் ஆதரவைக் கண்ணால் பார்ப்பார்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் சவரிமுத்து" என்றார் சிஸ்டர். "தட்டத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்து வாங்க. ஃபாதர் முன்னாடி வந்து ஒரே ஒரு வரி சொல்லுங்க. 'எங்க புள்ளைங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேணும்.' அவ்ளோதான்."

அந்த ஒரு வரியைச் சூளை முன்னால் நின்று ஒரு வாரம் சொல்லிப் பழகினேன். சூளை ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

என் தட்டில் பீங்கான் பொம்மைகள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை என்று சிஸ்டர் அறிவித்திருந்தார். எங்கள் முதலாளி, சாயம் கொஞ்சம் தப்பிய பொம்மைகளைச் சும்மாவே கொடுத்தார். (ரெண்டு கண்ணும் ரெண்டு திசையைப் பார்க்கும் முயல்கள், மீசை வைத்த வாத்து.) அவற்றைக் கோபுரமாக அடுக்கியதில் உச்சி முயல் என் நெற்றிக்கு நேராக நின்றது. எனக்குப் பின்னால் உலக உருண்டை, சுவர்க்கடிகாரம், எவர்சில்வர் டிரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசியில் ரெண்டு பேர் கரும்பலகையைத் தூக்கி வந்தார்கள்.

பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து கிளம்பினோம். மேளக்காரர்கள் முன்னால். சிஸ்டரும் என் மனைவியும் பள்ளிக்கூடத்தில் ஃபாதரோடு காத்திருந்தார்கள். எனக்கு முயலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேளம் போகிற திசையில் போனேன். மேளம் திரும்பியது, திரும்பினேன். மேளம் படியேறியது, ஏறினேன். யாரோ பன்னீர் தெளித்தார்கள். பரவாயில்லை, சிஸ்டர் ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டை யாரோ வாங்கிக்கொண்டபோதுதான் பார்த்தேன். கல்யாண மண்டபம். பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெருவில் இருப்பது.

மேளக்காரர் பிறகு கொடுத்த விளக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஸ்கூலுன்னுதான் சொன்னாங்க. ஸ்கூலுக்கு யாருங்க சீர் கொண்டுபோவாங்க? ஸ்கூலு பக்கத்துல இருக்குற மண்டபத்தைச் சொல்றாங்கன்னு நெனச்சேன்." அந்தத் தெருவில் சீர்த்தட்டோடு வந்த எல்லாக் கூட்டத்தையும் அவர் அதுவரை அந்த மண்டபத்தில்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

மண்டபத்தில் ஒரு காதுகுத்து. வீட்டுக்காரர் பெயர் தண்டபாணி. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர். "மச்சான் வரமாட்டாருன்னு நெனச்சோங்க. ஆள் வரலைன்னாலும் சீரு அனுப்பிட்டாரு பாருங்க. நீங்க அவருக்குப் பங்காளியா?"

விஷயம் இதுதான். தண்டபாணியின் கல்யாணத்தில், மனைவியின் அண்ணன் ராசேந்திரனை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு திட்டக்குடி போனவர் அதற்கப்புறம் வரவே இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனுக்காகக் காத்திருந்து காத்திருந்து பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருவர் அழுகிறார், அவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது மட்டுமே. என்னால் அழாதவரிடமே சொல்ல முடியாது.

பிள்ளையின் அம்மா வந்தார். "அண்ணன் வரலீங்களா?"

எனக்குத் தெரியாது என்ற அர்த்தத்தில் தலையை ஆட்டினேன். அவரும் அழ ஆரம்பித்தார்.

உதவிக்கு எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். "மழை வரும்னு இங்க மாத்திட்டாங்க போலருக்குது தம்பி" என்றார் லூர்துமேரி அக்கா, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "நம்ம சிஸ்டர் கேசரியெல்லாம் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

சீரைச் சுற்றி நின்று ரெண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"காதுகுத்துக்கு எதுக்குப்பா உலக உருண்டை?"

"புள்ள படிக்கணும்னு வச்சிருக்காங்க. கரும்பலகை கூட இருக்குது பாரு. யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான் மனுசன்."

என் கழுத்தில் மாலை விழுந்தது. அண்ணன் முறைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னை மணையில் உட்கார வைத்தார்கள். மடியில் பிள்ளையை வைத்தார்கள். பெயர் கவின். புது மொட்டை. தலைச் சந்தனம் முழுக்க என் சட்டைக்கு மாறியது.

"நீதான் என் மாமாவா?" என்றான்.

"ம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

"வலிக்குமா?"

"வலிக்கும்." அதிலாவது பொய் சொல்லக் கூடாதென்று நினைத்தேன்.

அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். காது குத்தும் ஆசாரிக்கு அன்று இன்னொரு மண்டபத்திலும் வேலை. வந்த வேகத்தில் வலது காதில் குத்தினார். கவின் என் கையைக் கடித்தான். நான்தான் முதலில் கத்தினேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. ஒருவர் தட்டோடு படியேறி வந்தார். நேராக மணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் மருமவன் யாரு மடியில ஒக்காந்திருக்கான்?"

தண்டபாணி எழுந்தார். "நீங்க அனுப்புனவர்தான மச்சான்?"

"நான் யாரை அனுப்புனேன்? சேத்தியாத்தோப்புல ஒரு ஆளைப் பாத்துட்டு வர லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள ஆள் வச்சிட்டீங்களா? அன்னிக்கு ரெண்டாம் பந்தி, இன்னிக்கு ரெண்டாம் மாமனா?" என்னிடம் திரும்பினார். "யாருய்யா நீ?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. என் வாயில் பழகி வைத்திருந்த அந்த ஒரு வரிதான் இருந்தது. அது தானாக வெளியே வந்தது.

"எங்க புள்ளைங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேணும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"குடிச்சிருக்கான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ராசேந்திரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டரும் மேனேஜர் ஃபாதரும் வாசலில் தெரிந்தார்கள். பக்கத்துத் தெருவரை கேட்ட மேளம் திடீரென்று நின்றுபோனதால் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிஸ்டர் என் மாலையைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு தண்டபாணியிடம் விளக்கினார். எனக்கு வாத்தியாராக அப்படி ஒருவர் வந்திருந்தால் நான் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

ஃபாதர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டபாணி வீட்டார் பொம்மைகளை அதற்குள் பிள்ளைகளுக்கு விநியோகம் செய்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க ஓடுகிற பிள்ளைகள் கையில் ஒன்றரைக்கண் முயல்.

"சேர்ற புள்ளைக்கு ஒரு பொம்மைன்னீங்களே சிஸ்டர்" என்றார் ஃபாதர் ஆச்சரியமாக. "இத்தனை பேரா சேந்திருக்காங்க?"

சிஸ்டர் பொய் சொல்லாதவர். "இன்னும் இல்ல ஃபாதர்" என்றார்.

இதற்குள் ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு காது இருக்குது. அது யாரு மடியிலன்னு சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்புவேன்."

ராசேந்திரன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். நான் எழுந்துகொள்ள, அவர் உட்கார்ந்தார். இடது காது அவர் மடியில் நடந்தது. கவின் அவரையும் கடித்தான். பிள்ளை ஓரவஞ்சனை செய்யவில்லை.

ஆனால் அவருக்கு இன்னொரு வருத்தம். பழத்தட்டும் துணியும்தான் கொண்டுவந்திருந்தார். நாற்காலி என்ன, டிரம் என்ன, கரும்பலகை என்ன! "என்னைவிடப் பெருசா வச்சிட்டியேய்யா" என்றார் என்னிடம். "அந்தப் பள்ளிக்கூடத்துல ஃபேன் இருக்குதா?" சிஸ்டர் முந்திக்கொண்டு இல்லை என்றார்.

தண்டபாணிக்கு வேறு சங்கடம். "ஏத்துக்கிட்ட சீரைத் திருப்பி அனுப்பறது எங்க வூட்டுல ஆவாதுங்க ஃபாதர். ஆனா நாங்களே சீரா கொண்டாந்து பள்ளிக்கூடத்துல வைக்கலாம்ல?"

அப்படியே மறுபடியும் ஊர்வலம் கிளம்பியது. இந்தத் தடவை மேளக்காரருக்கு முன்னால் சிஸ்டரே நடந்தார். மண்டபத்துக் கூட்டம், எங்கள் கூட்டம், பொம்மையோடு பிள்ளைகள், நடுவில் ஃபாதர். பள்ளிக்கூட வாசலில் ஆரத்தியோடு நின்றிருந்த ஆரோக்கியமேரி, சந்தனம் அப்பிய சட்டையும் கழுத்தில் மாலையும் கையில் பல் பதிந்த காயமுமாக வந்த என்னைப் பார்த்தாள்.

"ஸ்கூலுக்குச் சீர் கொண்டாரச் சொன்னா, எங்க போயி கல்யாணம் பண்ணிக்கிட்டு வரீங்க?"

பொம்மை வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். நிறையப் பேர் வெளியூர்ப் பிள்ளைகள். மற்றவர்களில் பலர் ஏற்கெனவே வேனில் போகிறவர்கள். ஜூனில் முதல் வகுப்புக்குப் புதிதாக வந்தது ஒரு பெஞ்சு நிறையப் பிள்ளைகள். முதல் ஆளாக வந்தவன் கவின். "மாமா ஸ்கூலு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனானாம். ஃபாதர் இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். இன்றுவரை வருஷா வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ராசேந்திரன் வாங்கிக் கொடுத்த ஃபேனுக்கு அடியில் கவின் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆரோக்கியமேரி சமைக்கிறாள்.

எனக்குத்தான் பெயர் மாறிவிட்டது. பட்டறையில், கோயிலில், டீக்கடையில் எங்கும் நான் "வலது காது மாமா". தண்டபாணி வீட்டு விசேஷம் எதுவானாலும் பத்திரிகை வருகிறது, நானும் தட்டோடு போக வேண்டியிருக்கிறது. கவினுக்கு இப்போது ஒரு தங்கை. நடக்க ஆரம்பித்திருக்கிறாள். சிஸ்டர் அவளை எந்த வருஷத்து முதல் வகுப்பு என்று இப்போதே கணக்கில் போட்டுவிட்டார்.

போன வாரம் தண்டபாணி பட்டறைக்கே வந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார். "பாப்பாவுக்குக் காது குத்தப்போறோங்க. திட்டக்குடி மச்சான் எடது காது நான்னு சொல்லிட்டாரு. நீங்க வந்துடணும்."

பட்டறையே சிரித்தது. நான் சரிங்க என்றேன். எந்த மண்டபம் என்று மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

எழுதி முடித்தது: பள்ளி திறந்த ஜூன் மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு.