மாடி மீட்டரில் ஓடும் கார்

இனி பெட்ரோலுக்கு ஒரு பைசாகூடத் தருவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன். மின்சாரத்துக்கும் தருவதில்லை என்பது செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவு. முதல் முடிவால் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்தது. இரண்டாவது முடிவால் என்ன வந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு மீட்டர். கீழ்த்தளத்து மீட்டர் என் பேரில். மாடி மீட்டர் என் மனைவி பேரில். மாடியில் அவள் தையல் வகுப்பு நடத்துகிறாள். வகுப்பு ஆரம்பித்த அன்றே, "வியாபாரம் வேற, குடும்பம் வேற. உன் மெஷின் ஓடுற கரண்டுக்கு நீதான் கட்டணும்" என்று தனி மீட்டர் வைக்கச் சொன்னவன் நான்தான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மீட்டர் வைத்தாள், தவறாமல் கட்டினாள். கீழே ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் தலையில் ஓடின.

கார் வாங்கிய இடத்தில் ஒரு சார்ஜர் பெட்டியும் கொடுத்தார்கள். வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மாட்டிக்கொள்ளப் போவது பெட்டி மட்டும்தான் என்று நினைத்தேன்.

என் திட்டம் எளிமையானது. சார்ஜரை மாடி மீட்டரில் கோத்துவிட வேண்டும். காரை நான் ஓட்டுவேன், மீட்டர் அவளுக்கு ஓடும். அதற்காக எலெக்ட்ரீஷியனைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"கீழ் மீட்டர் லோடு தாங்காதுன்னு சொல்லணும்."

"தாங்கும் சார். இப்பத்தானே பார்த்தேன்."

"தாங்கும்னு எனக்கும் தெரியும். தாங்காதுன்னு சொல்லணும்."

"யார்கிட்ட சார்?"

"வீட்ல."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர்கிட்டயா? என் வீட்டுக்காரி அவங்ககிட்டதான் சார் தையல் கத்துக்கிட்டா. அவங்ககிட்ட போய் எப்படி சார் பொய் சொல்றது?"

"பொய் இல்லப்பா. தொழில்நுட்பக் காரணம்."

இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். கூடவே இரண்டு பிஸ்கட். தொழில்நுட்பம் அவருக்கு மெல்லப் பிடிபட்டது.

வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் பார்த்தபடி ஒப்பித்தார். மனுஷனுக்கு நடிப்பு சுத்தமாக வராது.

"டீச்சர், கீழ் மீட்டர் லோடு தாங்காது. அப்புறம்..." என்று என்னைப் பார்த்தார்.

"எர்த்" என்றேன் மெதுவாக.

"ஆமா, எர்த். கீழ எர்த்தும் சரியில்ல."

"எர்த்துன்னா என்னங்க?" என்று கேட்டாள் என் மனைவி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அது தொங்கும்போது அவள் எல்லோரையும் அளவெடுப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

"எங்கயாவது கரண்ட் கசிஞ்சா, ஆளைத் தாக்க விடாம, அது பாட்டுக்கு வாங்கி மண்ணுக்குள்ள இறக்கிவிடும் டீச்சர்."

"அப்ப கீழ எர்த் இருக்கே. நான்தான் அது. இத்தனை வருஷமா இந்த வீட்ல அடிச்ச ஷாக் எல்லாம் என் வழியாத்தானே இறங்குச்சு."

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மேல எப்படி இருக்கு?" என்றாள்.

"மேல மூணு ஃபேஸ் டீச்சர். சாருக்கு ஒரு ஃபேஸ்தான்."

இது உண்மை. எனக்கு எப்போதும் ஒரே ஃபேஸ்தான். அவளுக்கு மூன்று: மாணவிகளுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதில்தான் வோல்டேஜ் அதிகம்.

"சரி, மேல இருந்தே இழுத்துடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். நான் கண்ணாடி முன்னால் நின்று தயார்செய்து வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போனது. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்தால் சந்தேகப்பட வேண்டும். நான் நெகிழ்ந்துபோனேன்.

"உன் பில்லு கொஞ்சம் ஏறுமேம்மா" என்றேன், நல்லவனாக.

"ஏறட்டுங்க. இனிமே நானே சார்ஜ் பண்ணிக்கிறேன்."

சார்ஜ் என்றால் காருக்குக் கரண்ட் ஏற்றுவது என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. கட்டணம் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. பொறுப்பு என்றும் உண்டு. புது அதிகாரி வந்ததும் 'சார்ஜ் எடுத்துக்கொண்டார்' என்று ஆபீஸ் கோப்புகளில் எழுதுகிறவனே நான்தான். இருந்தும் உறைக்கவில்லை.

பெட்டியைச் சுவரில் மாட்டி முடித்ததும் அதற்கு ஒரு ஆப் போட வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன். நான் என் போனை நீட்டினேன். அவர் அதைத் தாண்டிப் பார்த்தார்.

"மீட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்க நம்பரைத்தான் கேக்குது சார்."

என் மனைவி நம்பர் சொன்னாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் என் போன் முனகியது. எடுத்துப் பார்த்தேன். 'உரிமையாளர் உங்களை விருந்தினராகச் சேர்த்துள்ளார்' என்று நல்ல தமிழில் இருந்தது. என் வீட்டு வாசலில், என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். கீழே 'நல்வரவு' என்றும் போட்டிருந்தது.

முதல் சில நாட்கள் ராஜ வாழ்க்கை. காலையில் எழுந்து பார்த்தால் கார் நூறு சதவீதத்தில் நிற்கும். பைசா செலவில்லை. ஆபீஸில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. குறிப்பாகத் தூண்டிலிடம் பேசியது.

தூண்டில் என்பது என் பக்கத்து மேஜைக்காரருக்கு நாங்கள் வைத்த பேர். மனிதர் மீன்பிடிப் பைத்தியம். ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அங்கே போய்த் தூண்டில் போட வேண்டும் என்பது அவருக்குக் கனவு. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கென்று இருந்ததில்லை. கடை, துணி, நூல்கண்டு, சொந்தக்காரர் என்று போய்விடும். ஒரே ஒருநாள், யாரும் கூப்பிடாத இடத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அந்த ஆசை எனக்கு நிஜமாகவே இருந்தது.

"வர்ற ஞாயிறு நம்ம கார்ல போறோம். செலவே கிடையாது" என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் அன்றைக்கே புதுத் தூண்டில்கள் இரண்டு வாங்கினார்.

அன்று சாயங்காலம் பெருமைக்கு ஊரெல்லாம் சுற்றி, சார்ஜைத் தீர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் காரைப் பார்த்தால் பதினைந்து சதவீதம்.

"ஏம்மா, வண்டி சார்ஜ் ஆகலையா?"

"ஆயிருக்கே. பதினஞ்சு."

"நூறு இல்ல ஆகணும்?"

"ஆபீஸ் போயிட்டு வர எவ்வளவு ஆகும்?"

"ஒரு பத்து."

"அப்ப அஞ்சு மிச்சம். வழியில நின்னு ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

"டீ குடிக்க சார்ஜ் எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

ஆப்பில் விருந்தினருக்கு உச்சவரம்பு வைக்கலாமாம். அவள் வைத்துவிட்டாள்.

"இது என் மீட்டர். வியாபாரம் வேற, குடும்பம் வேற. நீங்க ஆபீஸ் போறது குடும்பம். அதுக்குக் கணக்கே பார்க்க மாட்டேன். மத்த இடத்துக்குப் போகணும்னா எங்க, எதுக்கு, எவ்வளவு தூரம்னு சொல்லுங்க. போட்டு விடறேன்."

மாட்டைக் கயிற்றில் கட்டினால் கயிற்றின் நீளத்துக்கு மேயும். என் கயிறு பதினைந்து சதவீதம்.

வெளியே சார்ஜ் போடும் இடங்கள் இருக்கின்றன. அங்கே பணம் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை முடிவு குறுக்கே நின்றது. காரோடு வந்த சின்ன ஒயரைக் கீழ்த்தளத்து சாக்கெட்டில் செருகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் மீட்டர்தான், போனால் போகிறது. செருகிய கையை எடுப்பதற்குள் மாடி ஜன்னல் திறந்தது.

"ஏங்க, கீழ எர்த் இல்லையே. ஷாக் அடிச்சு கிடிச்சுத் தொலைக்கப் போகுது. பிடுங்குங்க முதல்ல."

பிடுங்கினேன். எர்த் இருக்கிறது என்று சொன்னால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பொய் என்றாகும். நான் கஷ்டப்பட்டுக் கட்டிய பொய்க்குள் நானே குடியிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அவள் மாடியில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆபீஸ்ல ஆடிட்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசர ஆடிட்."

"பாவம். அதுக்குப் பதினஞ்சு போதுமே."

"இல்ல, கிளை ஆபீஸ்லயும் ஆடிட். அங்க போகணும்."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "கிளை எங்க இருக்கு?"

"கொஞ்சம் தூரம்."

"எந்தப் பக்கம்?"

"ஏரி இருக்கில்ல, அதுக்கு இந்தப் பக்கம்."

சொல்லியிருக்கக் கூடாது. வாய் அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் துணியை மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலர் மாதிரிகளை ஆராய்ந்தேன்.

"ஏரி வரைக்கும் போயிட்டு வரணும்னா நூறு போட்டாத்தான் சரிவரும்" என்றாள். "கவலைப்படாதீங்க. போட்டு விடறேன்."

போட்டும் விட்டாள். என் கண் முன்னாலேயே போனைத் தட்டினாள். கீழே பெட்டியில் விளக்கு எரிந்தது. தூண்டிலுக்குப் போன் செய்து, "எல்லாம் முடிஞ்சது, காலையில தயாரா இருங்க" என்றேன். அவர் ஏனோ "ம்" என்று மட்டும் சொன்னார். மீன்பிடிக்கிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை குளித்து, ஆடிட்டுக்குப் போகிறவன் போல முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காரில் நூறு சதவீதம் இருந்தது. ஐந்து பேரும் இருந்தார்கள்.

ஸ்டியரிங்கில் என் மனைவி. அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, எனக்கு முன்பே வாங்கியவள். பக்கத்தில் வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி. பின்னால் இரண்டு மாணவிகள். அவர்களுக்கு அந்தப் பக்கம், கதவோடு ஒட்டி, இரண்டு புதுத் தூண்டில்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பக்கத்து மேஜைக்காரர். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூண்டில் முள்ளைப் பார்த்தார்.

"இவரு எங்க இங்க?" என்றேன்.

"இவங்க வீட்டுக்காரர்தானே" என்று என் மனைவி புதுப் பெண்மணியைக் காட்டினாள். "உங்களுக்குத் தெரியாதா? பாவம், ஏரிக்குப் போகணும்னு ரொம்ப ஆசையாம். யாரோ கார்ல கூட்டிட்டுப் போறதா வேற சொல்லியிருந்தாங்களாம். சரி, எப்படியும் நூறு போட்டாச்சு, நாமளே போயிட்டு வரலாமேன்னு கிளாஸ்ல எல்லாரும் கிளம்பிட்டோம்."

"எனக்கு ஆடிட் இருக்கே."

"அதான் உங்களைக் கூப்பிடல."

"கிளை ஆபீஸ் அந்த வழியிலதான். என்னை இறக்கிவிட்டுப் போகலாமே."

"இறக்கிவிடலாம். ஏத்திக்கத்தான் இடமில்ல." காரைப் பின்னால் எடுத்தாள். "சாப்பாடு கட்டி மேஜைமேல வச்சிருக்கேன். பஸ் வந்துடும், பார்த்துப் போங்க. ஆடிட்டை விட்டுடாதீங்க, பேர் கெட்டுடும்."

பக்கத்து மேஜைக்காரர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு ஏரி முக்கியம்" என்றார். மின்சாரக் காரில் சத்தமே வராது என்று நான்தான் ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேன். சத்தமே இல்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் திறப்பதில்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டில் இருந்தால் ஆடிட் பொய்யாகிவிடும். பஸ் பிடித்துப் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. எதிரே தண்ணீர் தொட்டி ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கார் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி முகமெல்லாம் வெயில்பட்டுச் சிவந்து, நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். அவளை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"ஆடிட் எப்படிங்க போச்சு?"

"நல்லபடியா முடிஞ்சது."

"யாராவது அகப்பட்டாங்களா?"

"ஒருத்தர் அகப்பட்டார்" என்றேன்.

அது யார் என்று அவள் கேட்கவில்லை. ஒரு கூடை மீனையும் கத்தியையும் என் கையில் கொடுத்து, "முள்ளு பார்த்து எடுங்க" என்றாள்.